ஜி.எஸ்.டி. சாலை: எதை முதலில் கட்டுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

கூடுவாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவள் நான். போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். நெரிசல் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெருங்களத்தூர் தாண்டி வண்டிக்குள் உட்கார்ந்துதான் உங்களில் சிலர் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் நான் பணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஜி.எஸ்.டி. சாலை என்று நாம் சொல்லும் இந்த கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலைக்காக நாம் கொடுக்கும் பணம் எங்கே போகிறது, எந்த வேலைக்கு முதலில் செலவாகிறது, எந்த வேலை கடைசிக்குத் தள்ளப்படுகிறது என்பதைப் பற்றி. எங்கள் பக்கத்து நெரிசலில் பெரும்பகுதி இந்த வரிசை தவறியதால் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை போகும் இந்த ஒரே சாலையில் யார் யார் போகிறார்கள் என்று பாருங்கள். மதுரை, திருச்சி, நெல்லை போகும் அரசுப் பேருந்துகள், ஆம்னி பஸ்கள். மறைமலை நகர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள். பொத்தேரி கல்லூரி மாணவர்கள். வெளிவட்டச் சாலையிலிருந்து வண்டலூரில் வந்து சேரும் கண்டெய்னர் லாரிகள். அப்புறம் ஊரப்பாக்கத்தில் பாலும் காய்கறியும் வாங்க ஸ்கூட்டியில் வருகிறவர்கள். தென் தமிழகம் முழுவதற்குமான நெடுஞ்சாலையும் எங்கள் தெருக்களுக்கான கடைவீதியும் ஒன்றாகவே இருக்கிறது.

அகலப்படுத்தவில்லையா என்றால், அகலப்படுத்தினார்கள். பெருங்களத்தூர் பக்கத்திலிருந்து மஹிந்திரா சிட்டி வரை பகுதி பகுதியாக எட்டு வழி ஆக்கினார்கள். அந்த வேலை நடந்த காலம் முழுக்கத் தூசியைத் தின்றோம், பொறுத்துக்கொண்டோம். வேலை முடிந்த பிறகு சந்திப்புகளுக்கு நடுவே வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் சிக்னல் வந்தால் நிற்கிறது, யூ-டர்ன் வந்தால் நிற்கிறது. பேருந்து நிற்கத் தனி இடம் இல்லாத நிறுத்தங்களில் அது பிரதான சாலையிலேயே நிற்கிறது, பின்னால் வரும் எல்லாமும் நிற்கிறது. சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இல்லாததால், அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மருந்துக்கடைக்குப் போகவும் நெடுஞ்சாலையில்தான் ஏற வேண்டியிருக்கிறது. நடைமேம்பாலம் இல்லாத இடத்தில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டு வழியையும் குறுக்கே கடக்கிறார்கள். சாலை எவ்வளவு அகலமோ, கடக்கிறவருக்கு அவ்வளவு ஆபத்து.

கிளாம்பாக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் கதை முழுவதும் அங்கே இருக்கிறது.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. சுமார் 88 ஏக்கர், 394 கோடி ரூபாய்ச் செலவு. கோயம்பேட்டின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது, அதில் எனக்கு மறுப்பு இல்லை. முனையமும் நன்றாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் கோயம்பேட்டுக்கு மெட்ரோ உண்டு, நகரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பேருந்து உண்டு. கிளாம்பாக்கத்தைத் திறந்த அன்று அங்கே மெட்ரோ இல்லை. சாலையின் மறுபக்கத்தில் கடற்கரை - செங்கல்பட்டு ரயில் பாதை கண்ணெதிரே போகிறது, ஆனால் ரயில் நிற்க அன்று நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, பையும் குழந்தையுமாக ஷேர் ஆட்டோ பிடித்து வர வேண்டியிருந்தது. வெளியூர் போகிறவர் என்ன செய்வார்? வீட்டிலிருந்தே ஆட்டோ, டாக்சி வைத்துக்கொண்டு வருவார். அந்த வண்டிகளெல்லாம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த அதே சாலையில்தான் வந்து சேர்ந்தன.

புதிய ரயில் நிலையத்துக்காக சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., ரயில்வேக்குக் கொடுத்த தொகை 20 கோடி ரூபாய். நிலையத்தையும் முனையத்தையும் இணைக்க ஜி.எஸ்.டி. சாலைக்கு மேலே ஆகாய நடைபாதை ஒன்று, அதற்கு 70 கோடிக்கு மேல். இரண்டையும் கூட்டினாலும் முனையத்தின் செலவில் கால் பங்குக்குப் பக்கத்தில்தான் வரும். செலவு குறைந்த இந்த வேலைகள்தான் பின்னால் தள்ளப்பட்டன. 2024 தீபாவளிக்கும் அந்த நிலையம் தயாராகவில்லை, 2025 பொங்கலுக்கும் தயாராகவில்லை. வீட்டைக் கட்டிக் குடியேறிய பிறகு வாசற்படிக்கு மனுப் போடுவது போல ஆகிவிட்டது. நள்ளிரவில் பெட்டியோடு நெடுஞ்சாலை ஓரமாக நடந்த முதியவர்களைப் பார்த்த எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? தனித்தனி மனிதர்களின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சாலை தேசிய நெடுஞ்சாலை, அதற்குப் பணம் டெல்லியிலிருந்து. பேருந்து முனையம் சி.எம்.டி.ஏ.வின் பணம். மாநகரப் பேருந்து மாநில அரசின் போக்குவரத்துக் கழகம். ரயில் நிலையம் தெற்கு ரயில்வே. மெட்ரோ மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்துவது. தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் உள்ளாட்சி அமைப்பு. ஒவ்வொருவரும் தங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் வேலையைத் தங்கள் அவகாசத்தில் முடிக்கிறார்கள். ஊரப்பாக்கத்திலிருந்து கிண்டிக்குப் போகும் ஒருவருடைய பயணம் முழுவதும் யாருடைய கணக்கிலும் இல்லை.

இதைச் சரிசெய்ய ஒரு சட்டம் 2010-லேயே வந்தது. அந்தச் சட்டம் உருவாக்கிய அமைப்புதான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக கும்டா. அது உண்மையில் கூடி வேலை தொடங்கியது 2022-இல். பன்னிரண்டு ஆண்டுகள்! எங்கள் பக்கம் வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் அடுக்குமாடியாக மாறியது அந்தக் காலத்தில்தான். இப்போது பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதியை 2025 செப்டம்பரில் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல தொடக்கம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் எந்தத் திட்டத்துக்கு எந்த வரிசையில் பணம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் கும்டாவுக்கு வேண்டும்.

சரி, நாம் கொடுக்கும் பணத்துக்கு வருவோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டால், 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு, சாலை மற்றும் உட்கட்டமைப்பு செஸ் என்று 5 ரூபாய் மத்திய அரசுக்குப் போனது. டீசலுக்கு 2 ரூபாய். செஸ் என்றால், நிதிக்குழு சொல்லும் விகிதப்படி மாநிலங்களோடு பங்கிட வேண்டிய வரித் தொகுப்பில் அது சேராது. சாலைக்கென்று தொடங்கிய அந்த நிதியின் சட்டத்தை 2018-இல் திருத்தி, மற்ற உட்கட்டமைப்புகளுக்கும் செலவிடலாம் என்று விரித்துவிட்டார்கள். அதற்கு மேல் டோல். பரனூர் சுங்கச்சாவடி எங்கள் அன்றாடத்தின் பகுதி. செங்கல்பட்டிலிருந்து மறைமலை நகருக்குக் காரில் வேலைக்கு வருகிறவர் கன்னியாகுமரி வரை போகவில்லை, பக்கத்து ஊருக்குத்தான் வருகிறார். அவருக்கும் அதே சாவடிதான். மாதப் பாஸ் உண்டு, கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாயில் தொடங்கிய ஆண்டு பாஸும் உண்டு. சுமை குறைகிறது, உண்மைதான். ஆனாலும் அந்தப் பணம் எங்கள் சர்வீஸ் ரோட்டுக்கோ நடைமேம்பாலத்துக்கோ என்று ஒதுக்கப்படுவதில்லை.

இந்தப் பரனூரைப் பற்றித்தான் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2023 ஆகஸ்டில் பேசியது. தென்னிந்தியச் சுங்கச்சாவடிகளை ஆராய்ந்த அறிக்கை அது. பரனூரில் விதிக்கு மாறாக வாகன ஓட்டிகளிடம் கூடுதலாக வசூலித்த தொகை சுமார் 28 கோடி ரூபாய் என்று அது சொன்னது. ஒரு காலகட்டத்தில் அந்தச் சாவடியைக் கடந்த வண்டிகளில் பாதிக்கும் மேல் கட்டண விலக்குப் பெற்றவை என்று கணக்குக் காட்டியிருப்பதையும் அது கேள்விக்குள்ளாக்கியது. அந்தச் சாவடியில் நாங்கள் வரிசையில் நின்றிருக்கிறோம். முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் எங்களைப் போலக் காசு கட்டியவர்கள்தான்.

2008-ஆம் ஆண்டு சுங்கக் கட்டண விதிப்படி, அரசுப் பணத்தில் போட்ட சாலையின் முதலீடு திரும்பக் கிடைத்துவிட்டால் கட்டணம் 40 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று இருந்தது. 2023-இல் அந்த விதியையே திருத்திவிட்டார்கள். மாநில அரசு மட்டும் வேறு வழி காட்டியது. பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி உட்பட நான்கு சாவடிகளை 2021-லும் நாவலூர் சாவடியை 2023-லும் மூடியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று செங்கல்பட்டுக்காரர் கேட்டால் அது நியாயமான கேள்வி.

பலருக்குத் தெரியாத இன்னொரு பணமும் இருக்கிறது. பெரிய அடுக்குமாடி கட்ட அனுமதி வாங்கும்போது கட்டுமான நிறுவனம் உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் என்று ஒன்று கட்டுகிறது. அது கடைசியில் வீட்டின் விலையில் ஏறி, கடன் வாங்கி வீடு வாங்கிய நம் தலையில் விழுகிறது. அந்தத் தொகை மாநில அளவிலான ஒரு நிதியில் சேர்கிறது. ஊரப்பாக்கத்தில் வசூலானது எவ்வளவு, ஊரப்பாக்கத்தில் செலவானது எவ்வளவு என்று அந்தந்த ஊர்க்காரர் பார்க்கும்படி ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்துவிட்டார்கள். விரித்த எல்லைக்குள் வரும் ஊர்களுக்கு எங்கள் நிலை வராமல் தடுக்க இப்போதுதான் நேரம்.

பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் சுமார் 27 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை போட வேண்டும் என்ற பேச்சு நீண்ட நாளாக இருக்கிறது. கேட்பதற்கு ஆசையாகத்தான் இருக்கும். நான் அதை முதலில் கேட்கமாட்டேன். மேலே போகும் சாலை மதுரைக்குப் போகும் காருக்கு உதவும். கீழே பேருந்துக்கு நிற்கிறவருக்கு அதனால் கிடைப்பது தூணும் நிழலும் இன்னும் சில ஆண்டுக் கட்டுமானமும்தான். தவிர, பெரிய திட்டங்கள் எப்படிப் போகும் என்று துறைமுகம் - மதுரவாயல் பாலத்தில் பார்த்துவிட்டோம். 2009-இல் அடிக்கல். அப்போதைய மதிப்பீடு 1,655 கோடி. கூவத்தின் நீரோட்டத்துக்குத் தடை என்று 2012-இல் மாநில அரசு நிறுத்தியது. மறுபடியும் 2022-இல் அடிக்கல், மதிப்பீடு 5,800 கோடிக்கு மேல். நடுவில் பத்தாண்டுகள் பாதி எழும்பிய தூண்கள் ஆற்றோரம் நின்றன. மத்தியும் மாநிலமும் மாறி மாறிக் காரணம் சொன்னார்கள், விலை ஏறியது.

மெட்ரோவிலும் அதே கதை. விமான நிலையம் வரை 2016-லேயே மெட்ரோ வந்துவிட்டது. இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டி, மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைக்க 2024 அக்டோபர் ஆனது. 63,246 கோடி ரூபாய்த் திட்டம். அதன் மூன்று வழித்தடங்களில் ஒன்றுகூடக் கிளாம்பாக்கத்துக்கு வரவில்லை. விமான நிலையம் - கிளாம்பாக்கம் பதினைந்து கிலோமீட்டர் தனித் திட்டம். அது வரட்டும், வர வேண்டும். ஆனால் அது வருகிறவரை எங்கள் பிள்ளைகள் எப்படிக் கல்லூரிக்குப் போவது?

இதற்குக் கையில் இருப்பது ரயிலும் பேருந்தும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. தாம்பரத்துக்குத் தெற்கேதான் இடைவெளி நீள்கிறது. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும் என்ற பயத்தில்தான் என் பக்கத்து வீட்டுப் பெண் கடன் வாங்கி ஸ்கூட்டர் எடுத்தார். மூன்றாவது பாதை போட்டாயிற்று. நான்காவது பாதைக்கும் ஒப்புதல் வந்திருக்கிறது. அந்தப் பாதையில் செங்கல்பட்டுவரை எத்தனை புறநகர் வண்டி கூடுதலாக ஓடும் என்பதை ரயில்வே இப்போதே எழுத்தில் தர வேண்டும். பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்தபோது எங்கள் பக்கத்தில் வீட்டுவேலை செய்யும் பெண்களின் மாதக் கணக்கே மாறியது, நான் நேரில் பார்த்தேன். ஆனால் வண்டி வந்தால்தானே ஏற முடியும்? இவ்வளவு விரிந்த பெருநகருக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது சுமார் 3,500 பேருந்துகள். ரயில் நிலையத்திலிருந்து உள்தெருக்களுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு சிற்றுந்து ஓடினால், சாலையில் இறங்கும் இருசக்கர வாகனங்கள் கண்டிப்பாகக் குறையும்.

கூடுவாஞ்சேரிக்கும் வண்டலூருக்கும் நடுவே சர்வீஸ் ரோடு விட்டுப்போன இடங்களை இணைப்பது, பேருந்து நிற்கத் தனி இடம் ஒதுக்குவது, பள்ளிக்கும் ரயில் நிலையத்துக்கும் எதிரே நடைமேம்பாலமும் மின்தூக்கியும் வைப்பது: இவற்றுக்கு ஆயிரக்கணக்கான கோடி வேண்டாம். பரனூரில் வசூலாகும் பணத்தில் ஒரு பங்கை இந்த வேலைகளுக்கென்று ஒதுக்கச் சொல்லி எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்கிறோம். ஒதுக்கும் வரை, எந்தக் கட்சிக்காரர் வாக்குக் கேட்டு வந்தாலும் இதையே கேட்போம்.

இந்தப் பகுதியில் குடியிருக்கும் நேயர்கள் தங்கள் நலச்சங்கத்தின் பெயரில் கும்டாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் தெருவிலிருந்து ரயில் நிலையம் எவ்வளவு தூரம், நடுவில் எங்கே நடக்க முடியவில்லை, எங்கே பேருந்து நிற்பதில்லை என்பதை மட்டும் எழுதினால் போதும். எங்கள் சங்கம் இந்த மாதம் அனுப்புகிறது.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.