தாளம் மட்டும் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பிரேசிலின் பாஹியா மாநிலத்தில், 1976 வரைக்கும், கந்தோம்ப்ளே வழிபாட்டு இல்லங்கள் போலீசில் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிபாடு அது. சாமியை அழைக்க மேளம் கொட்டுவதற்குக் காவல்துறையின் தயவு வேண்டும்! அதற்கும் முன்னால், 1888-இல் அடிமை முறையை ஒழித்த அதே நாடு, 1890 சட்டத்தில், அடிமைகளிடம் வளர்ந்த கபோய்ரா என்ற சண்டை-நடனக் கலையைக் குற்றமாக்கியது. இன்று சுற்றுலாப் பயணிகள் சூழ்ந்து நின்று கைதட்டுகிறார்களே, அதே கபோய்ராதான்.

இந்தப் பின்னணியில், பாஹியாவின் தலைநகரான சால்வடோரில், குழு குழுவாகத் தெருவில் ஆடிப்பாடும் கார்னிவல் திருவிழாவைப் பாருங்கள். மக்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். ஆனால் வசதியான கார்னிவல் குழுக்களில் அவர்களுக்கு உறுப்பினராக இடமில்லை. மேளம் அடிக்கலாம், குழுவுக்குள் கூட்டம் நுழையாமல் சுற்றிக் கயிறு பிடிக்கலாம், அவ்வளவுதான்.

1974-இல், அதே நகரின் லிபர்தாதே பகுதியின் குருசு தெருவில், சில இளைஞர்கள் தங்களுக்கென்று ஒரு குழு தொடங்கினார்கள். 'கறுப்பு அதிகாரம்' என்று பெயர் வைக்கத்தான் நினைத்தார்கள். ராணுவ ஆட்சிக் காலம்; அந்தப் பெயர் வேண்டாம் என்று போலீஸ் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. 'இலே அய்யே' என்று, மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியில் பெயர் வைத்தார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான வோவோவின் தாய், மாய் இல்டா, கந்தோம்ப்ளே பூசாரி. அவருடைய வழிபாட்டு இல்லத்தின் அரவணைப்பில்தான் குழு வளர்ந்தது. போலீஸ் கண்காணித்த அந்த மேளம் தெருவுக்கு வந்துவிட்டது.

1975 கார்னிவலில் முதல் ஊர்வலம். 'இதுதான் கறுப்பு உலகம், பாருங்கள்' என்று பாடிக்கொண்டே போனார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவர்களை 'இனவெறிக் குழு' என்று தலைப்பிட்டுத் திட்டியது. கறுப்பர்கள் மட்டுமே சேரலாம் என்று வைத்திருந்தார்களாம்! அத்தனை காலம் வெள்ளையர்கள் மட்டும் ஆடிய குழுக்கள் யார் கண்ணிலும் படவில்லையா? வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு வீடு கட்டினால், அதை எப்படி இனவெறி என்பது? எனக்கு இதில் கொஞ்சமும் தயக்கமில்லை, அவர்கள் செய்தது சரி.

அந்தக் குழு ஆண்டுதோறும் கறுப்பழகு விழா நடத்தி ஓர் அரசியைத் தேர்ந்தெடுக்கிறது. உன் முடி சரியில்லை, நிறம் சரியில்லை என்று கேட்டே வளர்ந்த பெண்கள் அந்த மேடையில் ஏறி, ஆப்பிரிக்க நடன அசைவுகளோடு தலை நிமிர்ந்து ஆடுகிறார்கள். ஆயிரம் மேடைப் பேச்சுக்கு அது சமம்.

அப்புறம் ஒலோடும் என்ற மேளக் குழு வந்தது, சம்பாவும் ரெகேயும் கலந்த சம்பா-ரெகே இசை பிறந்தது. 1996-இல் மைக்கேல் ஜாக்சன் ஒலோடும் குழுவோடு சால்வடோரின் பெலோரின்யோ பகுதியில் ஆடியது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த இடம் அது.

இதே குரலைக் கொலம்பியாவிலும் கேட்கலாம். கார்த்தஹேனா என்ற துறைமுக நகரில் பிறந்த பாடகர் ஜோ அரோயோ, 1986-இல் 'லா ரெபெலியோன்' (கலகம்) என்ற சால்சா பாட்டைத் தந்தார். பியானோ துள்ளும், கால் நிற்காது. கதையோ, ஒரு ஸ்பானியரிடம் அடிமையான ஆப்பிரிக்கத் தம்பதியைப் பற்றியது. எஜமான் அந்த அடிமையின் மனைவியை அடிக்கிறான். கணவன் எதிர்த்து எழுகிறான். அந்தக் கறுப்புப் பெண்ணை அடிக்காதே என்ற வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

இங்கே சால்சா சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பாட்டைப் போடும்போது, ஸ்டெப் எண்ணத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, கார்த்தஹேனா துறைமுகத்தில் யார் விற்கப்பட்டார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.