கயிற்று வேலை என்று உண்மையை எழுதினேன், 500 வெள்ளி கூடுதல்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மீன்தலைக் கறி வீடியோ என்று சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். நேற்று ராத்திரி ஒரு மின்னஞ்சல் வந்தது, அதிலிருந்து தூக்கமே இல்லை.

நான் சிங்கப்பூரில் கயிற்றில் தொங்கி உயர்மாடிக் கட்டடச் சுவர்களைச் சோதிக்கிறவன், பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். ஆயுள் காப்புறுதி கேட்டிருந்தேன், 200,000 வெள்ளிக்கு. வந்த பதிலில் வழக்கமான சந்தாவுக்கு (பிரீமியத்துக்கு) மேல், காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு இரண்டரை வெள்ளி கூடுதல். கணக்குப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு 500 வெள்ளி! சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் பெரும்பாலும் சந்தாவில் இத்தனை விழுக்காடு என்று ஏற்றுவார்கள். ஆபத்தான வேலைக்கு அப்படி இல்லை, காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாக வைக்கிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் காப்புத் தரும், சந்தா குறைவாக இருக்கிற டேர்ம் பாலிசியில் அது எப்படி வலிக்கும் என்று யோசியுங்கள்.

எனக்குக் கோபம் அந்தத் தொகை மேல்கூட இல்லை. முகவர் தம்பி சொன்னது: "அண்ணே, சும்மா டெக்னீஷியன்னு போட்டுடலாம்." சுத்தமாகப் பிடிக்கவில்லை. விண்ணப்பத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது, தெரிந்த விவரங்களை முழுமையாகவும் உண்மையாகவும் சொல்லாவிட்டால் பாலிசியில் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம் என்று. நான் போன பிறகு என் மனைவி அந்த ஒரு வார்த்தைக்காக அலைய வேண்டுமா?

சரி, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இதுவரை சொன்னது இரண்டாவது பதில் வருவதற்கு முந்தைய கதை. இன்னொரு நிறுவனத்தில் தொழில் பற்றித் தனிப் படிவமே கொடுத்தார்கள். எத்தனை மீட்டர் உயரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கடலுக்கு மேலே வேலை உண்டா, இப்படி. நான் எப்போதும் இரண்டு கயிற்றில்தான் இறங்குவேன், ஒன்று வேலைக் கயிறு, இன்னொன்று காப்புக் கயிறு. வாரத்தில் பாதி நேரம் தரையில் அறிக்கை எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதினேன், சான்றிதழையும் சேர்த்தேன். இன்று காலை பதில்: ஆயிரத்துக்கு ஒன்றரை! 300 வெள்ளிதான். அந்த 200 வெள்ளி மிச்சத்தை மனைவியிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். ஒரே ஆள், ஒரே கயிறு, இரண்டு விலை. தரைக்கு வேலை மாறினால் மறுபரிசீலனை கேட்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

"வேலையிடக் காய இழப்பீடு இருக்கிறதே" என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறது, 2025 நவம்பரிலிருந்து மரணத்துக்கு உச்சவரம்பு 269,000 வெள்ளி. ஆனால் அது வேலையால் நேர்ந்தால் மட்டும், வீட்டில் மாரடைப்பு வந்தால் கிடையாது. மத்திய சேமநிதி வழியாக வரும் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும், 70,000 வெள்ளிக்கு என் 36 வயதில் வருடத்துக்கு 30 வெள்ளிதான். அதில் சந்தா வயதைப் பார்த்துத்தான் ஏறும், வேலையைப் பார்த்து இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கு அது மட்டும் போதாது, அவ்வளவுதான். 2024இல் மட்டும் இங்கே வேலையிடங்களில் 43 பேர் இறந்தார்கள், அதை நினைத்துக்கொண்டேதான் தினமும் கயிற்றை மாட்டுகிறேன்.

பாலிசி வியாழக்கிழமை கைக்கு வருகிறது, திருப்பிக் கொடுக்க 14 நாள் உண்டு. தொழில் என்ற இடத்தில் நான் எழுதியது அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீன்தலைக் கறி.