குறிக்கோள் கிடைத்த பிறகுதான் எழுத வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஸ்லைடு கிடையாது, பின்னணி இசை கிடையாது, வெறும் பேச்சுதான். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

"எனக்கு எழுத ஆசை. ஆனால் எதற்காக எழுதுகிறேன், என் வாழ்க்கையின் குறிக்கோள் என்ன என்று முதலில் தெளிவாகட்டும், அப்புறம் ஆரம்பிக்கிறேன்." இப்படிச் சொல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. குறிக்கோள் என்பது கண்ணை மூடி உட்கார்ந்து யோசித்தால் கிடைக்கிற சமாசாரம் இல்லை. செய்ததை எழுதிவைத்து, அந்தக் குறிப்பைப் பிறகு ஒரு நாள் படிக்கும்போது அகப்படுகிற சமாசாரம். வலைப்பதிவு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். வாசகர்கள், வருமானம், பெயர் எல்லாம் வந்தால் வரட்டும்.

எழுதிவைத்தே ஆக வேண்டுமா, மனதில் வைத்துக்கொண்டால் போதாதா? போதாது. நாம் இப்படிப்பட்டவர் என்று நினைத்துக்கொண்டிருப்பதற்கும் நாம் உண்மையில் செய்வதற்கும் நடுவே ஏகப்பட்ட தூரம் இருக்கிறது. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்தது. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் சுமார் 34 நாள். சரி, எல்லாமே கெட்டுப்போனால்? அப்போது சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். கவனியுங்கள், தாங்களே போட்ட படுமோசமான கணக்கையும் தாண்டிவிட்டது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. எதிர்காலத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள், போன முறை எத்தனை நாளானது என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் மேலதிகாரியோ வாடிக்கையாளரோ "இது எப்போது முடியும்" என்று கேட்டால், நாள்காட்டியைத் திறக்காதீர்கள். இதே மாதிரி வேலை போன தடவை எவ்வளவு நேரம் இழுத்தது என்று பாருங்கள். பார்ப்பதற்குக் குறிப்பு இருந்தால்தானே?

இந்தக் குறிப்பு விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அந்தோனி டிரோலோப். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர். முழுநேர எழுத்தாளர் என்று நினைத்துவிடாதீர்கள், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தபால் துறையில் உத்தியோகம் பார்த்தவர். பிரிட்டனில் தெருவோரத் தபால் பெட்டிகள் வந்ததற்கு அவர் 1850-களில் எழுதிய பரிந்துரையும் ஒரு காரணம். அந்த வேலைக்கு நடுவில் எப்படி எழுதினார்? விடிகாலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். எதிரே கைக்கடிகாரம் அல்ல, பைக்கடிகாரம். கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று தனக்குத்தானே ஒரு நிபந்தனை. இது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய நாட்குறிப்பு. ஒவ்வொரு நாவலுக்கும் கட்டம் போட்டு, அன்றன்றைக்கு எத்தனை பக்கம் எழுதினார் என்று குறித்துவைப்பார். எழுதாத நாளும் அதில் பதிவாகும். சும்மா இருந்த நாட்கள் தன் முகத்தையே முறைத்துப் பார்க்கும் என்பதால்தான் அப்படிச் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். மொத்தம் 47 நாவல்கள்.

அவர் 1882-இல் இறந்தார். அடுத்த ஆண்டு சுயசரிதை வெளியானது. அதில் இந்தக் கடிகாரக் கணக்கை எல்லாம் படித்த பலருக்கு முகம் சுளித்துப்போனது. கலை என்பது இப்படித் தராசில் நிறுத்துப் போடுகிற சரக்கா என்று. அவர் பெயர் கொஞ்ச காலம் மங்கித்தான் போனது. எனக்கு அவர்கள் மேல்தான் கோபம். உந்துதல் வந்தால்தான் எழுதுவேன் என்பது கேட்க அழகாக இருக்கும். மாதக் கடைசியில் பார்த்தால் கையில் ஒன்றும் இருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தினமும் எழுதியே தீர வேண்டும், ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று பயமுறுத்துகிற வீடியோக்கள் நிறைய உண்டு. 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்பார்கள். அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். மூக்குக்குச் சொன்னதை எழுத்துக்கு ஒட்டவைத்துவிட்டோம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து இதை அளந்துபார்த்தார்கள். பழக்கம் படிய ஆன காலத்தின் நடு அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஆகவே விட்டுப்போன நாளைக் குறித்துவைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள். துக்கம் கொண்டாட வேண்டாம்.

ஒரு நிமிஷம், வெளியே யாரோ சுவரில் துளை போடுகிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன்... சரி, இப்போது கேட்கிறதா?

இந்த மாதிரிக் குறுக்கீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், மனதில் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை காட்டியது. அவரே பின்னாளில் தெரசா குளோம்புடன் சேர்ந்து இதற்கு ஒரு கைவைத்தியமும் சோதித்துப் பார்த்தார். எழுந்திருப்பதற்கு முன், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் எதிலிருந்து தொடங்குவது என்று சட்டென ஒரு வரி எழுதிவைப்பது. அரை நிமிஷ வேலை. அலுவலகத்திலும் சரி, பாதியில் நிற்கும் பதிவிலும் சரி, இதைவிட மலிவான உதவி எனக்குத் தெரியவில்லை.

பார்வை எண்ணிக்கை பற்றி ஒரே வாக்கியம்: தினமும் பார்க்காதீர்கள், மாதம் ஒரு தடவை போதும்.

இனி குறிக்கோள் எப்படி அகப்படுகிறது என்ற இடத்துக்கு வருவோம். ஒரு கணக்காளர் வலைப்பதிவு தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி விதிகள் மாறும்போதெல்லாம் விளக்கி எழுதுவது அவர் திட்டம். வாரம் ஒன்று எழுதுகிறார். ஓர் ஆண்டு கழித்து எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்கிறார். விதி மாற்றப் பதிவுகள் எல்லாம் கடமைக்கு எழுதியதுபோல் உலர்ந்து கிடக்கின்றன. ஆனால் சொந்தமாகச் சின்னத் தொழில் நடத்தும் ஒருவருக்கு, லாபம் இருந்தும் கையில் ஏன் பணம் இல்லை என்று புரியவைத்த அனுபவத்தைப் பற்றி, யாரும் கேட்காமலே நாலைந்து தடவை எழுதியிருக்கிறார். அவற்றில்தான் உயிர் இருக்கிறது. தனக்கு எது வேண்டும் என்பதை அவர் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, அவருடைய கையே சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு எந்த வேலையை ஏற்பது, எதை வேண்டாம் என்பது என்ற முடிவு அவருக்கு எவ்வளவு எளிதாகிவிடும், பாருங்கள்.

அப்படித் திரும்பிப் படிக்கும்போது நான் தேடுவது இரண்டே விஷயம். யாரும் கேட்காமல் நானாக எழுதியது எது? வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி எது? நன்றாக எழுதியிருக்கிறேனா என்பதை அப்போது பார்ப்பதில்லை. அதைப் பார்க்க ஆரம்பித்தால் வாக்கியங்களைத் திருத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நமக்குப் பிடித்ததை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு, அதையே படித்து, ஆஹா என்று தலையாட்டிக்கொள்வது. சார்லஸ் டார்வின் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தன் கொள்கைக்கு எதிரான ஒரு தகவலோ எண்ணமோ கண்ணில் பட்டால் உடனே, தவறாமல் எழுதிவைத்துவிடுவாராம். சாதகமானவற்றைவிட இப்படிப்பட்டவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்பது அவர் அனுபவம். அவர் புத்தகத்துக்கு வந்த ஆட்சேபங்களில் பெரும்பாலானவற்றை அவர் ஏற்கெனவே கவனித்துப் பதில் சொல்ல முயன்றிருந்ததற்கு இந்தப் பழக்கமே காரணம் என்கிறார். நீங்களும் ஒரு பதிவில் ஒன்றை அடித்துச் சொல்லிவிட்டு, பிறகு அதற்கு நேர்மாறாக ஒன்றைப் பார்த்தால், பழைய பதிவை அழிக்காதீர்கள். அதன் தலையில் தேதி போட்டு நாலு வரி சேருங்கள். எப்போது, எதனால் மனம் மாறியது என்பது பிற்பாடு உங்களுக்கே தேவைப்படும்.

இன்னொன்று. இவ்வளவும் எழுதி, அதை யாரோ ஒருவருடைய சர்வரில் மட்டும் விட்டுவைப்பது எனக்குச் சம்மதமில்லை. யார் வேண்டுமானாலும் சொந்த இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய தளம்! 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது, லட்சக்கணக்கான பக்கங்கள் அதோடு போயின. பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை. பெரும்பாலான வலைப்பதிவு சேவைகளின் அமைப்புகள் பக்கத்தில் ஏற்றுமதி என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் பதிவுகள் ஒரு கோப்பாக இறங்கிவிடும். படங்கள் சில சேவைகளில் அதோடு வராது, அவற்றைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கியதை ஒரு தடவை திறந்துபார்த்துவிட்டு, கணினியில் ஒரு பிரதி, வெளியே ஒரு ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி வையுங்கள்.

அடுத்த வீடியோவில் அந்த ஏற்றுமதிக் கோப்பைத் திரையிலேயே திறந்து, எது எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன். வரட்டுமா?