சொன்னவர் பெயர் வெளியே வராமல்

நேயர்களுக்கு வணக்கம்.

பாம்பனில் இருந்து வாலிநோக்கம் வரை நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் எந்தக் கிராமத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர்ச் செய்தியாளர் ஒருவர் வந்து யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார் என்பது பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மறுவாரம் பத்திரிகையில் ஏதாவது வந்தால், யார் சொல்லியிருப்பார்கள் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டுக்காரருக்குப் படகில் வேலை கிடைப்பது சிரமம், முன்பணம் கிடைப்பதும் சிரமம்.

புலனாய்வுச் செய்திக்கு இணையத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் திண்ணைதான். ஒரு விவரம் அரசு ஆவணத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறது என்றால் அங்கிருந்தே எடுத்துக் காட்டிவிடலாம். சொன்னவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற வேண்டாம். இந்தக் கருவிகளை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஓர் உதாரணம். ஊர்ப் பெயர் வேண்டாம். பாசி எடுக்கப் போகும் பெண்கள் சிலர், இறால் பண்ணை வந்ததில் இருந்து ஊற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்றார்கள். சரி, பண்ணை எப்போது வந்தது? சுனாமிக்கு முந்தி என்கிறார் ஒருவர். இல்லை, பிந்தித்தான் என்கிறார் இன்னொருவர். இந்த வருடக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005இல் வந்தது. கடல்நீர் ஏறிவரும் உச்ச எல்லையான உயர் அலைக் கோட்டில் இருந்து 200 மீட்டருக்குள் புதிய பண்ணைக்குப் பதிவு கிடையாது என்றது அந்தச் சட்டம். ஏற்கெனவே இருந்த பண்ணைகளுக்கு விலக்கு கொடுத்தது. 2023இல் சட்டத்தைத் திருத்தியும் இருக்கிறார்கள். ஆகவே எந்த வருடம் வெட்டிய குளம் என்பது தெரியாமல் ஒரு வரிகூட எழுத முடியாது.

கூகுள் எர்த் ப்ரோ என்ற மென்பொருள் இலவசம். அதில் கடிகாரப் படம் போட்ட பொத்தானை அமுக்கினால் அதே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரிசையாக வரும். ஒரு படத்தில் ஓடைக்கரை முழுக்கச் சீமைக்கருவேலம். அடுத்ததில் மரங்கள் இல்லை, வெளுத்த தரை. அதற்கடுத்ததில் கட்டம் கட்டமாகக் குளங்கள். இரண்டு படங்களுக்கு நடுவே சில வருடங்கள் விட்டுப்போயிருந்தால் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைத் தேடலாம். 1972இல் இருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள், இப்போது அவையும் இலவசம்தான். 2015க்குப் பிறகு என்றால் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இன்னும் தெளிவு. தரையில் 10 மீட்டர் அளவுள்ள பொருள் ஒரு புள்ளியாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மாதப் படங்களில் பெரும்பாலும் மேகம்தான் இருக்கும். பங்குனி, சித்திரையைப் பாருங்கள்.

இங்கே அவசரம் கூடாது. மேலே இருந்து பார்த்தால் உப்பளமும் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். உப்புப் பாத்திகள் சின்னவை, கோடையில் பளீரென்று வெளுக்கும். இறால் குளம் பெரியது, கருத்த தண்ணீர். படம் துல்லியமாக இருந்தால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சுற்றும் இடத்தில் நுரைக் கோடு தெரியும். அலையாத்தியும் பச்சை, கருவேலமும் பச்சை. இதைப் பிரித்துச் சொல்ல அந்த ஊர்க்காரரால்தான் முடியும். தூரம் அளக்கும்போதும் கவனம் வேண்டும். படத்தில் தண்ணீர் நிற்கிற இடம் உயர் அலைக் கோடு ஆகாது. அந்தக் கோடு அரசு ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில் இருக்கிறது. அதை வைத்து அளந்தால்தான் வழக்கு வந்தாலும் நிற்கும்.

அப்புறம் நிலம். சர்வே நம்பர் கையில் இருந்தால் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் இணையதளத்தில் பட்டாவும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும் பார்க்கலாம். அது பட்டா நிலமா, புறம்போக்கா என்பது அதிலேயே இருக்கும். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் போட்டால் யாரிடம் இருந்து யாருக்குக் கைமாறியது என்று வரும். அந்தப் பண்ணை பதிவானதா என்பதைச் சென்னையில் உள்ள கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்திடம் சரிபார்க்கலாம். கிடைக்காததை 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பார்த்த பக்கங்களில் முடிந்தவற்றை அன்றைக்கே, இணையப் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவிடுங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் காணாமல் போனாலும் நகல் இருக்கும்.

பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் விண்ணப்பங்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் ஏறுகின்றன. நம் மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு தேடி 20 சோதனைக் கிணறுகள் தோண்ட மத்திய அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி 2023இல் விண்ணப்பித்தது. அனுமதி 2025 மார்ச்சில் கிடைத்தது. ஊர் முழுக்கப் பேச்சானது ஆகஸ்டில். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே சொன்னது. நடுவில் போன அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமைதான். மாவட்டத்துக்கு ஒருவராவது வாரம் ஒருமுறை அந்தத் தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அவர் செய்தியாளராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கல்லூரியில் படிக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளே போதும்.

வாட்ஸ்அப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லை தாண்டியதாக நம் மீனவர்கள் பிடிபடும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பழைய படம் சுற்றுகிறது. அதைப் பார்த்து வீட்டில் பெண்கள் அழுது தவிக்கிறார்கள். கூகுள் லென்ஸ், டின்ஐ என்ற படம் தேடும் கருவிகளில் படத்தைப் போட்டால் இதற்கு முன் எங்கே வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். படகின் பக்கவாட்டில் உள்ள பதிவெண்ணைப் பாருங்கள். ராமேஸ்வரம் விசைப்படகு என்றால் டிஎன் 10 என்று இருக்கும். வேறு எண் இருந்தால் அது எந்தத் துறைமுகத்துப் படகு என்று விசாரித்துவிட்டுப் பகிருங்கள்.

ஊர்க்காரர்கள் செய்தியாளருக்குப் படம் அனுப்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், எடுத்த இடம், நேரம் பற்றிய குறிப்புகள் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அவை கூடவே போகும். ஆதாரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் வெளியிடும் முன் அவற்றை நீக்க வேண்டியது செய்தியாளரின் பொறுப்பு. நீக்கினாலும் ஆபத்து தீர்ந்ததாக நினைக்காதீர்கள். எந்த மாடியில் நின்று எடுத்தது என்பதைக் கோணமே காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட படத்தை நான் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன். அதற்குப் பதில் செயற்கைக்கோள் படத்தைப் போடச் சொல்வேன்.

எல்லாம் சேர்ந்த பிறகு பண்ணை உரிமையாளருக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள், ஆவணங்களின் நகலோடு. பதில் சொல்லப் போதிய நாள் கொடுங்கள். 2005க்கு முன்பே பண்ணை இருந்ததற்கான காகிதம் அவரிடம் இருக்கலாம். இருந்தால் அதையும் அதே செய்தியில், அதே அளவு இடம் கொடுத்துப் போட வேண்டும்.

நன்றி, வணக்கம்.