நூறு நாளும் ஒரு விளக்கும்

(முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பகுதியில், உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் மாணவர்களுக்காகச் சனசமூக நிலைய மண்டபத்தில் நடந்த வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் அவர்களே, பிரதம விருந்தினராக வருகை தந்திருக்கும் கோட்டக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய பிள்ளையார் கோவில் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, கமக்காரர் அமைப்பின் தலைவர் அவர்களே, விடுமுறையில் கனடாவிலிருந்து வந்து, பயணக் களைப்பும் தீராமல் இந்த மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் பழைய மாணவர் அவர்களே, சக ஆசிரியர்களே, தாய்மாரே, தகப்பன்மாரே, எல்லோருக்கும் மேலாக, நடுவில் அமர்ந்திருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு பேருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பணிப்பாளர் அவர்கள் இன்று காலை வேறு இரண்டு பாடசாலைகளுக்குப் போய்விட்டு, மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார். சனசமூக நிலையத்தின் செயலாளர் தம்பி விடியற்காலையிலேயே வந்து இந்த மண்டபத்தைக் கூட்டிக் கழுவி, கதிரை அடுக்கியிருக்கிறார். அவர் கையில் இருக்கும் திறப்பைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன். தம்பி, நீங்கள் போய்விட வேண்டாம். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கும் நன்றி. இந்த மரியாதை இவ்வூரில் முப்பது ஆண்டுகள் இரசாயனவியல் படிப்பித்த எல்லோருக்கும் உரியது.

"காற்றுள்ள போதே தூற்றிக்கொள்" என்பார்கள். வெளியே இப்போது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிறது. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோக நெல் செய்தவர்களுக்கு இந்தக் காற்றின் அருமை தெரியும். இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் என் தகப்பனார் சூடு மிதித்த களத்தில் சுளகோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். காற்று எப்போது விழும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் முதலில் எதைத் தூற்றுவது என்று தெரிவு செய்வார். விதைநெல்லுக்கு ஒதுக்கியதே முதலில் சுளகில் ஏறும். பிறகு வீட்டுக்கு, அதன் பிறகுதான் விற்பனைக்கு. காற்று இடையில் நின்றுபோனாலும் அடுத்த போகத்துக்கு விதை இருக்கும்.

பிள்ளைகளே, உங்களுக்கு இன்னும் ஏறத்தாழ நூறு நாட்கள் இருக்கின்றன. இந்த நூறு நாளில் செய்ய வேண்டியவை பற்றி ஐந்து விடயங்களைச் சொல்ல வந்திருக்கிறேன். வினாத்தாள், நேரம், இசட் புள்ளி, உடல்நலம், படிக்கும் இடம்.

முதலில் வினாத்தாள். இனிப் புதிய கொப்பி தொடங்க வேண்டாம். கடந்தகால வினாத்தாள்களை எடுங்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடும் திட்டத்தையும் மதிப்பீட்டு அறிக்கையையும் அவற்றின் பக்கத்தில் வையுங்கள். எந்த வினாவில் நாடு முழுவதும் பிள்ளைகள் தடுக்கி விழுந்தார்கள், எந்தச் சொல் விடுபட்டதால் புள்ளி போனது என்பதெல்லாம் அந்த அறிக்கையில் இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் கிடைக்காத அறிவுரை அது. பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் உயிரியலிலும் முதலாம் வினாத்தாள் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஆகவே ஒரு வினாவையும் வெறுமையாக விட்டு எழும்பாதீர்கள். வீட்டில் செய்யும்போதும் மணிக்கூட்டை முன்னால் வைத்தே செய்யுங்கள். இரண்டாம் வினாத்தாளில் கிடைக்கும் பத்து நிமிட மேலதிக வாசிப்பு நேரத்தில் எந்த வினாக்களைத் தெரிவு செய்வது என்று முடிவெடுக்கவும் இப்போதே பழக வேண்டும். பரீட்சை மண்டபத்தில் போய்ப் பழக முடியாது.

இசட் புள்ளி என்றதும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு நடைமுறையில் இருக்கும் கணக்கு அது. ஒரு பாடத்தை எழுதிய எல்லோரினதும் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதை, அந்தப் பாடத்தில் புள்ளிகள் பரந்திருக்கும் அளவால் வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் அப்படி வருவதைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்க வேண்டும். வினாத்தாள் கடினமாக வந்தால் அது எல்லோருக்கும் கடினம். அன்று மனம் தளராமல் எடுக்கும் ஐந்து புள்ளி, இலகுவான நாளில் எடுக்கும் ஐந்து புள்ளியைவிடப் பெறுமதியாகலாம். மற்றது, விருப்பமான பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துவிட்டுப் பலவீனமான பாடத்தைக் கைவிடுகிறவர் தன் சராசரியைத் தானே இழுத்து விழுத்துகிறார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையில் போகின்றன. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை அடிப்படையில். மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் நிற்கின்றன. பம்பைமடுவில் இருந்த அதன் வளாகம் 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாக எழும்பிவிட்டது. கதவுகள் பக்கத்தில் வந்துவிட்டன. காற்றுள்ள போதே தூற்றிக்கொள்ள வேண்டும்.

குறுகிய காலத்தில் படிப்பது எப்படி என்று கேட்டால் எனக்கு ஒரு பிள்ளையின் முகம்தான் வருகிறது. 2009. போர் முடிந்த மே மாதம் செட்டிகுளத்து முகாமுக்கு வந்து சேர்ந்தோம். ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை. ஒரு மாலை, கூடார வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். மாத்தளனில் பதுங்குகுழிக்குள்ளும் காத்து வைத்திருந்த அவளுடைய கொப்பிகள், வட்டுவாகலைக் கடந்தபோது கையில் இல்லை. அழவில்லை. "சேர், நாட்களை எண்ணிவிட்டேன். எண்பது சொச்சம் நாள் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டாள்.

என்னிடம் ஒரு வினாத்தாள்கூட இல்லை. "இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக் கூட்டி வா" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் இன்னும் பத்துப் பேரோடு வந்தாள். வட்டமாக இருத்தி, "சேதன இரசாயனத்தில் போன பரீட்சைகளில் என்ன வினா வந்தது, நினைவிருப்பதைச் சொல்லுங்கள்" என்றேன். ஒருவனுக்கு வினா பாதி நினைவிருந்தது. மற்றவனுக்கு அதன் மீதி. இன்னொருத்திக்கு விடை நினைவிருந்தது, வினா மறந்துபோயிருந்தது. நிவாரணப் பெட்டிகளின் அட்டைகளைக் கிழித்து, உட்புறத்தில் கட்டைப் பென்சிலால் எழுதினோம். இரண்டு வாரத்தில் அட்டைகள் ஒரு முழ உயரத்துக்கு அடுக்கப்பட்டன. அடுக்கிப் பார்த்தபோதுதான், ஒரே அலகு ஆண்டுதோறும் வேறு வேறு உடுப்பில் வந்திருப்பதைக் கண்டோம். அந்த அலகுகளை முதலில் படித்தோம்.

பகலில் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் வரிசை. படிக்க இரவுதான் மிச்சம். ஒரு கூடாரத்தில் ஒரு லாந்தர் இருந்தது, மண்ணெண்ணெய் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு போத்தல் மூடி மண்ணெண்ணெய் தங்கள் கூடாரங்களிலிருந்து கொண்டு வந்து ஊற்றினார்கள். பதினொரு மூடி ஊற்றினால் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை எரியும். முள்ளியவளை ஆச்சி ஒருவர் தினமும் வந்து பக்கத்தில் உட்காருவார். எழுத வாசிக்கத் தெரியாதவர். திரியை வெட்டிவிடுவார், நுளம்பு விரட்டுவார், ஒருவன் தூங்கி விழுந்தால் தோளில் தட்டுவார். ஒன்பது மணிக்குத் தலைகளை எண்ணி, ஒவ்வொரு பிள்ளையையும் அந்தந்தக் கூடாரத்தில் விட்டுவிட்டுத்தான் படுப்பார். அவருடைய பேரப்பிள்ளைகள் எங்கே என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பதினொரு பேரும் பல்கலைக்கழகம் போனார்கள் என்று சொன்னால் அது பொய். மூவர் போனார்கள். முதலில் வந்து நின்ற அந்தப் பிள்ளைக்கு அந்த முறை கிடைக்கவில்லை. அட்டைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு மறுபடி எழுதினாள். விவசாய பீடம் கிடைத்தது. இன்று விவசாயப் போதனாசிரியையாக வரம்பு வரம்பாக நடக்கிறாள். உங்களில் சிலருடைய வயலுக்கும் வந்திருக்கிறாள்.

அந்த எண்பது நாளை நான் பல ஆண்டுகளாக யோசித்துப் பார்த்துவிட்டேன். என் படிப்பித்தல் அதில் கொஞ்சம்தான். ஒரு வெளிச்சம், எல்லோரும் கூடியிருக்க ஓர் இடம், பக்கத்தில் ஒரு பெரிய ஆள். இந்த மூன்றும் இருந்தன. இன்று எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மின்சாரம் இருக்கிறது. ஆனால் ஒரே அறையில் தொலைக்காட்சியும் கைக்குழந்தையும் அடுப்பும். எங்கே இருந்து படிப்பது? சனி ஞாயிறுகளில் முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். ரியூசன் ஆசிரியர்களில் என் மாணவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் நன்றாகவே படிப்பிக்கிறார்கள். ஆனால் கேட்டதை இருந்து செய்து பார்க்க இடமில்லாத பிள்ளைக்கு எத்தனை வகுப்புப் போனாலும் கொப்பிதான் நிறையும்.

இந்த மண்டபத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் வாசிகசாலை. நான்கு நீள மேசை, மின்விசிறி, ஆறு விளக்கு. பின்னேரம் பத்திரிகை பார்த்து முடிந்ததும் ஐந்தரைக்குப் பூட்டு விழுகிறது. பூட்டிய கதவுக்கு வெளியே எங்கள் பிள்ளைகள். இதைத்தான் ஏழு ஆண்டுகளாக ஒவ்வொரு மேடையிலும் சொல்லி வருகிறேன். நூறு நாள், ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை, இந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். முன்னூறு மணித்தியாலம்!

என்ன தடை என்று எனக்குத் தெரியும். மின்சாரக் கட்டணம் என்பீர்கள். கமக்காரர் அமைப்பின் தலைவர் மேடையில் இருக்கிறார். அறுவடை முடிந்த கையோடு ஒரு வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல் சேர்த்தால் கட்டணம் கட்டி, பிள்ளைகளுக்குத் தேநீரும் கடலையும் கொடுக்கலாம். இரவில் பெண்பிள்ளைகள் எப்படித் திரும்புவது, யானை வரும் பாதை என்பீர்கள். நியாயமான பயம். இளைஞர் கழகத்துத் தம்பிமார் ஒன்பது மணிக்கு ஓர் உழவு இயந்திரத்தோடு வந்து எல்லோரையும் ஒன்றாக வீட்டு வாசலில் இறக்கிவிட முடியாதா? பொறுப்பு யார் என்பீர்கள். நாளுக்கு இரண்டு தாய்மார் முறை வைத்து இருங்கள். படிப்புச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆச்சி இருந்தது போல இருந்தால் போதும். கனடாவிலிருந்து வந்திருக்கும் தம்பியிடமும் உரிமையோடு கேட்கிறேன். நூல்கள் அனுப்புவதாகச் சொன்னீர்கள், மகிழ்ச்சி. அதற்கு முன், மின்சாரம் நின்றுபோகும் இரவுகளுக்கு ஒரு சூரியமின் தொகுதி வாங்கித் தாருங்கள்.

இதைக் கார்த்திகைவரை தள்ள முடியாது. வாடை தொடங்கி மழை பிடித்தால் குளம் வான் பாயும், பாதை அறுக்கும். 2024 இல் பரீட்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே வெள்ளத்தால் இடைநிறுத்தி, டிசெம்பரில் மீண்டும் நடத்தினார்கள். நனைந்த கொப்பியோடு பிள்ளைகள் தவித்ததை நீங்கள் பார்த்தீர்கள். படிப்பு மழைக்கு முன் முடிய வேண்டும். காற்றுள்ள போதே தூற்றிக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வந்தேன். அதே வார்த்தையைப் பெரியவர்களுக்கும் சொல்கிறேன்.

நேரத்தைப் பங்கிடுவது, நித்திரை, சாப்பாடு பற்றி உங்கள் வகுப்பாசிரியர்கள் விளக்கமாகச் சொல்வார்கள். வாசலில் உள்ள மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். எந்த நாள் வந்து இருக்க முடியும் என்று தாய்மாரும் தகப்பன்மாரும் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். செயலாளர் தம்பி, திறப்பின் பிரதி ஒன்றை இன்றே எனக்குத் தாருங்கள். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குக் கதவு திறந்திருக்கும். முதல் வாரம் முழுவதும் நான் இருக்கிறேன். பிள்ளைகளே, வரும்போது கடந்த ஆண்டு இரசாயனவியல் முதலாம் வினாத்தாளைக் கொண்டு வாருங்கள்.

வணக்கம்.