கொட்டகை பிரித்த மறுநாள்

(காரைக்குடியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

அண்ணன் மகள் கல்யாணம் முடிந்து சென்னைக்குப் போனவன் ஒரு மாதத்திலேயே திரும்பி வந்து நிற்கிறானே என்று சிலர் பார்க்கிறீர்கள். பேசுவதற்காக வரவில்லை, வீட்டுவரி கட்ட வந்தேன். வந்த இடத்தில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். தலைப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வேறு சொல்லிவிட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவனிடம் அப்படிச் சொன்னால் அவன் வேறு எதைப் பேசப் போகிறான்?

ஆனால் கல்யாணத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை அழைப்பு, திருப்பூட்டு என்கிற தாலி கட்டு, பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் பரப்பியது, பந்தியில் கவுனி அரிசியும் கந்தரப்பமும் வந்தது, எல்லாம் நீங்கள் ஆயிரம் பார்த்தவர்கள். நான் பேச நினைப்பது கொட்டகை பிரித்த மறுநாளைப் பற்றி. அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

அன்றைக்குக் காலையில் வீட்டில் நாங்கள் ஏழு பேர்தான் மிச்சம். முந்தின நாள் வரை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், கால் வைக்க இடமில்லை. இப்போது நடுமுற்றத்தில் நாலைந்து வாழைச்சருகும், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பும். அண்ணன் இரண்டாங்கட்டில் பாத்திரங்களைக் கொண்டுவந்து அடுக்கச் சொன்னார். அண்டா, குண்டான், தூக்குச்சட்டி, தாம்பாளம், எனாமல் கிண்ணம், கரண்டி. ஒவ்வொன்றிலும் எங்கள் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். விலாசம் என்றால் தபால்காரர் தேடுகிற விலாசம் இல்லை. முப்பாட்டன் பெயரிலிருந்து ஒரு எழுத்து, பாட்டன் பெயரிலிருந்து ஒரு எழுத்து என்று வரிசையாக வருமே, அது. அப்பச்சி (எங்கள் அப்பா) எழுதிய பழைய நோட்டு ஒன்று உண்டு. அண்ணன் அதைப் படிக்க, நான் எண்ண, அண்ணமுண்டி (அண்ணன் மனைவி) துடைத்து உள்ளே வைக்க, மத்தியானம் வரை அதே வேலை.

கணக்கு முடிந்தபோது இரண்டு கரண்டி குறைந்தது. ஒரு தாம்பாளம் கூடியிருந்தது. திருப்பிப் பார்த்தால் பங்காளி வீட்டு விலாசம். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லட்சக்கணக்கில் செலவழித்துக் கல்யாணம் செய்த மனுஷன், இரண்டு கரண்டிக்காக அடுப்படிச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் நானும் போய்க் கிளறினேன்.

நம் நகரத்தார் கல்யாணமே கணக்கில்தான் ஓடுகிறது. கோவிலுக்குச் சொல்லி, கோவில் மாலை வாங்கி, இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடைசியில் அந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புள்ளி ஆகிறார்கள். கோவில் கணக்கில் ஒரு புதுப் புள்ளி, அதாவது ஒரு புதுக் குடும்பம். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. (என் அப்பத்தாவை இருபத்தெட்டு வருஷம் அரைப்புள்ளி என்று எழுதினார்கள். வீட்டையே தூக்கி நிறுத்திய மனுஷி அவர். இந்த ஒரு கணக்கு மட்டும் எனக்கு இன்று வரை ஜீரணமாகவில்லை.)

அதே கணக்குப் புத்திதான் ஒரு நல்ல காரியத்தையும் செய்தது. வேறு வைத்தல். இளையவர்கள் இங்கே இருப்பதால் விளக்கிச் சொல்கிறேன். மகனுக்குக் கல்யாணம் ஆனதும், அதே வீட்டுக்குள் அவனுக்கு ஒரு அறை, ஒரு தனி அடுப்பு. வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பருப்பு, கைச்செலவுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். கூரை ஒன்று, உலை வேறு வேறு. மாமியார் பக்கத்து அடுப்பில்தான் சமைப்பார், ஆனால் மருமகள் குழம்பில் உப்பு அதிகமா என்று கேட்க வரமாட்டார். வரமாட்டார் என்று சட்டம் சொல்லும், மூக்கு என்ன செய்யும் என்பது வேறு விஷயம்!

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கல்யாணம் ஆன கையோடு பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்பார்கள். நான் இதைப் பெரிய புத்திசாலித்தனம் என்பேன். தாலி ஏறிய களை போவதற்குள் புளி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, அடுத்த அறுவடை வரை இந்த நெல் வருமா என்று அந்தப் பெண் யோசிக்கத் தொடங்கிவிடுவாள். சாமான் பரப்புவதும் அதற்காகத்தானே வந்தது? ஊருக்குக் காட்டவா அத்தனை அண்டாவும் அரிவாள்மனையும்? பெண் ஒரு குடித்தனத்தை முதல் நாளிலிருந்தே ஓட்டவேண்டும் என்றுதான். இன்று பரப்புவதை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டோம். வேறு வைப்பது போய்விட்டது.

அன்றைய அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித்தொழில் செய்ய, போனவர்கள். பர்மா, மலேயா, இலங்கை. ஏஜெண்டாகப் போனால் மூன்று வருஷக் கணக்கு. கணக்கு முடித்து ஊருக்கு வந்து சில மாதம் இருந்து, மறுபடி கப்பல். அந்தச் சில மாதத்துக்குள்தான் கல்யாணம். எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) கல்யாணமான நாற்பதாம் நாள் பர்மாவிலுள்ள மோல்மேனுக்குக் கிளம்பிவிட்டார் என்று அப்பத்தா சொல்லும். ஐயாவுக்கு அன்றாட வாழ்க்கை என்றால் அங்கே தொழில் நடத்தித் தங்கிய கிட்டங்கியில் பேரேடு. அப்பத்தாவுக்கு அன்றாட வாழ்க்கை என்றால் இந்த வளவில் ஒரு அடுப்பு. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த பிறகுதான் இரண்டு பேரும் ஒரே வீட்டில் தொடர்ந்து இருந்தார்களாம். "அதுக்குப் பெறகுதான் சண்டையே போட ஆரம்பிச்சோம்" என்று சொல்லிச் சிரிக்கும்.

சரி, மறுநாளுக்கு வருகிறேன். பாத்திரம் எண்ணி முடித்ததும் அறைகளைப் பூட்டினோம். ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு பங்கு. ஒரு பங்கு அமெரிக்காவில், ஒன்று கோயம்புத்தூரில். சாவிக்கொத்து ஒரு கிலோ இருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கூடவே வந்தது. அதற்கு எழுபது வயது இருக்கும். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடும். நான் கொஞ்சம் உருகிப்போய், "நாங்க போயிட்டா வீடு வெறிச்சுன்னு இருக்கும்ல அக்கா" என்றேன். அது துணியைப் பிழிந்துகொண்டே, "நீங்க போனாத்தான் தம்பி நான் என் வேலையைப் பாக்க முடியும். நாலு நாளா இந்த எடத்துல காப்பி கொட்டிக் கெடக்கு" என்றது.

எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. நம் வீடு, நம் வேர் என்று மேடையில் முழங்குகிறோம். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-லேயே செட்டிநாடு ஏறிவிட்டது என்று பெருமைப்படுகிறோம். அந்த வீட்டில் அன்றாடம் வாழ்கிறவர் அந்த அக்காதான். நாங்கள் வந்துபோகிற திருவிழா.

காப்பி கொட்டிய இடத்தை அது தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் உங்களுக்குத் தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் சாயத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் சுடுவதில்லை. அதன் மினுமினுப்பு புழங்கப் புழங்கத்தான் வரும். எங்கள் முகப்பில் கல் மங்கிப்போயிருக்கிறது. அக்கா சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கிற அந்தப் பின்கட்டில் மட்டும் முகம் பார்க்கலாம்.

விடிகாலை பல்லவனில் ஏறி மதியம் எழும்பூரில் இறங்கினேன். வீட்டில் பால் பாக்கெட் நிறுத்தச் சொல்ல மறந்திருந்தேன். வாசலில் எத்தனை பாக்கெட், என்ன வாசனை என்று நான் சொல்லப் போவதில்லை. பெட்டியைத் திறந்தால் மாவுருண்டை நொறுங்கிப் பட்டு வேட்டியெல்லாம் பயத்தமாவு. இரண்டு நாள் யாரைப் பார்த்தாலும் எரிச்சல். மூன்றாம் நாள் தண்ணீர் கேன்காரர் வந்து, "எங்க சார் ஆளையே காணோம்" என்று கேட்டபோதுதான் ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

போன வாரம் பெங்களூரிலிருந்து கல்யாணப் பெண் பேசினாள். "சித்தப்பா, என் சாமான் பெட்டியில ரெண்டு கரண்டி இருக்கு. நம்ம வீட்டு எழுத்து போட்டிருக்கு. அப்பாகிட்ட சொல்லாதீங்க, எடுக்கணும்னு எடுக்கலை" என்றாள். இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டேன். ரசம் ஊற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அந்தக் கரண்டியில்தானாம்.

இன்று காலை வரி கட்டிவிட்டு வீட்டைத் திறந்து அந்த நோட்டை எடுத்தேன். கரண்டி 2, பெங்களூர் என்று எழுதியாயிற்று. போனது போனதென்று செலவில் வைப்பதா, திரும்பி வரவேண்டியது என்று பற்றில் வைப்பதா என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். துடைப்பத்தோடு நின்ற அக்கா எட்டிப் பார்த்து, "திரும்பி வருமா தம்பி?" என்று கேட்டது.

கல்யாணப் பெண் பெயரிலேயே பற்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன். வணக்கம்.