பாலிக் புலாவ் கடற்கரைல 720 தேடி ஒரு ராத்திரி

வணக்கம் மக்களே, எல்லாரும் சாப்டாச்சா? மணி ஒன்பது ஆகப்போகுது, நான் இப்போ பினாங்குல பாலிக் புலாவ் பக்கம் பாசிர் பாஞ்சாங் கடற்கரைல உக்காந்துருக்கேன், மீடியம் வேவ்ல, அதாவது ஏஎம் ரேடியோல, 720 கிலோஹெர்ட்ஸ்ல வர்ற ஆல் இந்தியா ரேடியோ சென்னைய பிடிக்கத்தான், காடிய ஆஃப் பண்ணிட்டேன், இந்த வீடியோ லைட்டையும் ஆஃப் பண்ணப்போறேன், ஏன்னா எல்இடி லைட்டே ரேடியோல கர்ர்ருன்னு ஏறும். மூஞ்சி தெரியலன்னா பரவால்ல, குரல மட்டும் கேளுங்க.

நம்ம வீடு ஜெலுத்தோங்ல ஃப்ளாட்டு, அங்க லிஃப்ட்டு, சார்ஜரு, பக்கத்து வீட்டு லைட்டுன்னு மீடியம் வேவ் முழுக்க ஒரே இரைச்சல். இங்க வடமேற்கால பாத்தா கடல்தான், அப்டியே போனா சென்னை, 2300 கிலோமீட்டருக்கு மேல. ஒன்பது மணி ஏன்னு கேட்டீங்கன்னா, பகல்ல வானத்துல டி லேயர்னு ஒரு அடுக்கு மீடியம் வேவ் அலைய உறிஞ்சிரும், பொழுது சாஞ்சாதான் அது கரையும், அப்புறம்தான் அலை இன்னும் மேல போயி அங்க பட்டு திரும்பி நம்மகிட்ட இறங்கும். நமக்கு ஏழரைக்கெல்லாம் இருட்டிடுது, ஆனா சென்னை கடிகாரம் நம்மள விட ரெண்டரை மணி நேரம் பின்னாடி, நமக்கு ஒன்பதுன்னா அங்க ஆறரைதான், அங்கயும் இருட்டணும்ல.

இத பாருங்க, ஃபோன் வெளிச்சத்துல காட்றேன். அப்பாவோட 555 புக்கு. கடைல கடன் எழுதுவாங்கல்ல, அதே சின்ன புக்குதான், அதுல அப்பா ரேடியோ கணக்கு எழுதி வச்சிருக்காரு. 1988 பொங்கல் அன்னிக்கு, "720 மெட்ராஸ், நாதஸ்வரம், 34333". அந்த அஞ்சு நம்பர் சின்போ, ஸ்டேஷன் எவ்ளோ நல்லா கேக்குதுன்னு போடுற மார்க்கு, தூரத்து ஸ்டேஷன் பிடிக்கிறவங்க எல்லாரும் எழுதுறது, முதல் நம்பர் சிக்னல் பலம், ரெண்டாவது அடுத்த ஸ்டேஷன் தொந்தரவு, 5ன்னா தொந்தரவே இல்ல, 1ன்னா ரொம்ப மோசம். அப்பாவுக்கு அந்த ரெண்டாவது நம்பர் 4. பினாங்குல உக்காந்து மெட்ராஸ் நாதஸ்வரம் கேட்ருக்காரு, அதுக்கு நாலு மார்க்கு போட்ருக்காரு.

சரி இப்போ நம்ம ரேடியோ, டெக்சன் பிஎல் 330. 720... கேளுங்க. ஒரு அம்மா குரல், செய்தி மாதிரி இருக்கு, தமிழ்தான், மங்குது, திரும்ப வருது பாருங்க. இப்போ அப்டியே கொஞ்சம் மேல ஏத்துறேன், 729, 730. கேக்குதா? தகரக் கூரைல அடமழை பெய்யிற மாதிரி. பேச்சு இல்ல, பாட்டு இல்ல, வெறும் ஷ்ஷ்ஷ். இது ரேடியோ கோளாறு இல்லைங்க, ஸ்டேஷன் இல்லாத இடமும் இல்ல, இதுதான் டிஆர்எம், டிஜிட்டல் மீடியம் வேவ். ஆல் இந்தியா ரேடியோ 30க்கு மேல மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர டிஆர்எம்க்கு மாத்தியிருக்காங்க, அதுல நிறைய ஸ்டேஷன் பழைய அனலாக் ஒரு பக்கம், டிஜிட்டல் அதுக்கு ஒட்டுனாப்ல இன்னொரு பக்கம்னு ரெண்டையும் சேத்தே அனுப்புவாங்க. நம்ம பக்கம் மீடியம் வேவ்ல ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி, டிஜிட்டல் கட்டி ஒண்ணே 9, 10 எடுத்துக்கும். அப்போ பக்கத்து வீட்டுக்காரன் கதி?

அமெரிக்காவுல இந்தப் பிரச்சன முன்னாடியே வந்துருச்சு. அங்க எச்டி ரேடியோன்னு வேற முறை, 2002ல அனுமதி குடுத்தாங்க, ஏஎம்ல அது அனலாக்கோட ரெண்டு பக்கமும் 15 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், அங்க இடைவெளி 10தான். 2007ல ராத்திரியிலயும் போடலாம்னு விட்டாங்க, ராத்திரிலதான அலை ஆயிரம் மைல் போகும், அங்க இருக்குற டிஎக்ஸ் ஆளுங்க, அதான் நம்மள மாதிரி தூரத்து ஸ்டேஷன் பிடிக்கிறவங்க, எவ்ளோ கொந்தளிச்சிருப்பாங்கன்னு எனக்கு இப்போதான் புரியுது.

எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது எதுன்னா, முன்னாடி ஒரு ஸ்டேஷன் மேல இன்னொரு ஸ்டேஷன் ஏறுனா அதுவும் ஒரு ஸ்டேஷன்தான், காத தீட்டிட்டு இருந்தா அடில இந்தோனேசியா குரல் வரும், தாய்லாந்து பாட்டு வரும், அட இது யாருன்னு தேடுறதுலதான் சுகமே. இந்த ஷ்ஷ்ஷுக்கு பேரு கெடையாது, ஊரு கெடையாது, காதால கேட்டு யாருன்னு சொல்லவே முடியாது. அதோட, ரேடியோவுக்குள்ள ஆண்டெனாவா ஃபெரைட் கம்பி இருக்குல்ல, தொந்தரவு ஒரு திசைல இருந்து வந்தா ரேடியோவ திருப்பி அத அடக்கிரலாம், இந்தோனேசியா மேடான் பக்கத்து ஸ்டேஷன நான் அப்டிதான் அடக்குவேன். ஆனா இந்த இரைச்சல் வர்றதும் இந்தியாவுல இருந்து, எனக்கு வேண்டிய குரல் வர்றதும் இந்தியாவுல இருந்து, எப்டி திருப்புறது சொல்லுங்க?

அங்க உள்ளவங்களுக்கு அது நல்லதுதான், நான் இல்லன்னு சொல்லல. லட்சக்கணக்கான கார்ல டிஆர்எம் ரேடியோ இருக்கு, சத்தம் சுத்தமா வரும், கரண்டும் மிச்சம். ஆனா டிஜிட்டல் வந்தா முழுசா வரும், இல்லன்னா ஒண்ணுமே வராது. நானும் எஸ்டிஆர்னு கம்ப்யூட்டரோட சேத்து ஓட்டுற ரேடியோ, லேப்டாப்பு, ட்ரீம்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் எல்லாம் வச்சு ஒரு மாசம் முயற்சி பண்ணேன், ஒரே ஒரு ராத்திரி ஸ்டேஷன் பேரு ஸ்கிரீன்ல வந்துச்சு, சத்தம் நாலு செகண்ட், அவ்ளோதான். அனலாக்னா மங்கலா கேட்டாலும் பாட்டு பாட்டுதான்.

ஒரு வழி இருக்கு, இத கத்துக்கோங்க. இரைச்சல் 720க்கு மேல் பக்கம்தான இருக்கு, அதனால ரேடியோல சிங்க் மோடுன்னு ஒண்ணு இருக்கு, அத போட்டு எல்எஸ்பி, அதாவது சிக்னலோட கீழ்ப் பக்கத்த மட்டும் எடுத்துக்கணும், பேண்ட்வித்த, அதாவது ரேடியோ கேக்குற அகலத்த, குறுக்கணும். இப்போ போடுறேன் பாருங்க... போச்சா? முழுசா போகல, ஆனா அந்த அம்மா குரல் முன்னாடி வந்துருச்சு. குரல் கொஞ்சம் மூக்கடச்ச மாதிரி இருக்கும், பரவால்ல.

புக்குல கடைசில ரெண்டு பக்கம் மிச்சம் இருக்கு, அதுல எழுதிக்கிறேன். 720 சென்னை, செய்தி, 32332. ரெண்டாவது நம்பருக்கு 1 போட வேண்டியது, எல்எஸ்பி போட்டதால 2. செய்தி முடிஞ்சிருச்சு போல, இருங்க, ஏதோ பாட்டு ஆரம்பிக்குது, கொஞ்ச நேரம் நானும் பேசல, கேப்போம்.